பதினாலணா வலி

எங்களிடம் போன் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மஞ்சள் போர்டு மாட்டி எஸ்.டி.டி. பூத் நடத்துகிறவள் நான். துபாய்க்கும் பம்பாய்க்கும் ஊரார் பேசுகிற பேச்சையெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவள். அப்படிப்பட்டவள், செய்ய வேண்டிய ஒரே ஒரு போனைச் செய்யாமல் விட்டேன். அதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

அப்பா பெயர் சங்கரபாண்டி. இடைசெவலுக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கர்ணமாக இருந்தவர். யார் நிலத்தில் என்ன வெள்ளாமை, எவ்வளவு விளைந்தது என்று அரசாங்கப் பதிவேட்டில் எழுதுகிற வேலை. எண்பதில் அரசாங்கம் அந்த வேலையையே எடுத்துவிட்டது. வேலையை எடுத்தார்களே ஒழிய, அப்பாவிடமிருந்து கர்ணத்தை எடுக்க முடியவில்லை. அம்மா போன பிறகு என்னோடு வந்து இருந்தார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட சிவப்பு மையால் கோடு போட்டுத்தான் படிப்பார்.

தொண்ணூற்றெட்டில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. வயசுக் கோளாறு என்று ஆறு மாதம் எண்ணெய் தேய்த்தோம். மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போவதை வெட்கப்பட்டு எங்களிடம் சொல்லவே இல்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். இடுப்பெலும்பு, முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அந்த நோய் ஆண் ஹார்மோனை வைத்து வளருகிறதாம், அதனால் விதை இரண்டையும் எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோது, "குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான்" என்று அப்பா அசராமல் சொன்னார். நானும் பழம் நறுக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒரு வருஷம் நன்றாக இருந்தார். பிறகு வலி திரும்பி வந்தது. அப்போதுதான் டாக்டர் நந்தகோபால் தன்னுடைய ஆய்வைப் பற்றிச் சொன்னார். சின்ன வயது, மூக்குக்கண்ணாடி, பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பிள்ளை.

"ஐயா, எலும்புக்குப் போன நோயால எலும்பு உளுத்துப்போகும். அதைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு புது மருந்து வந்திருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை கையில ஏத்துவோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பத்தான் மருந்து உண்மையிலேயே கேட்குதான்னு தெரியும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "எங்கப்பாவுக்கு உப்புத்தண்ணி ஏத்தவா மதுரைக்கு பஸ் ஏறி வருதோம்?" என்று கேட்டேன்.

"வழக்கமான சிகிச்சை எதையும் நிறுத்த மாட்டோம்மா. வலி மாத்திரை எல்லாம் உண்டு. விருப்பம் இல்லைன்னா வேண்டாம், அப்பவும் நான்தான் பார்ப்பேன்" என்றார் டாக்டர்.

அப்பா என்னைக் கையமர்த்திவிட்டுச் சம்மதப் படிவத்தைக் கேட்டார். ஏழு பக்கம். முக்கால் மணி நேரம் படித்தார். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'நோய் முன்னேறியதாகத் தெரிந்தால் பங்கேற்பவர் ஆய்விலிருந்து விலக்கப்பட்டு, வேறு தகுந்த சிகிச்சை அளிக்கப்படும்.' அதில் 'விலக்கப்பட்டு' என்கிற வார்த்தைக்கு மட்டும் அடியில் சிவப்புக் கோடு போட்டார். அடுத்து வந்த நாலு வார்த்தைக்குக் கோடு இல்லை. நான் அதைப் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போட்டதும் ஒரு நாட்குறிப்புப் புத்தகம் கொடுத்தார்கள். தினமும் ராத்திரி படுக்கும் முன், அன்றைய வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில், எண் ஏழுக்குப் போனாலோ, கால் மரத்தாலோ, நடை தளர்ந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ உடனே போன் செய்யவும் என்று நம்பரோடு போட்டிருந்தது. நம்பரை நான் பூத்தில் சாமி படத்துக்குக் கீழே எழுதி ஒட்டினேன்.

அப்பாவின் பழைய தொழிலை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சலை அணாவில்தான் மதிப்புப் போடுவார்கள். முழு விளைச்சல் என்றால் பதினாறணா. பாதி என்றால் எட்டணா. ஒரு அளவுக்குக் கீழே போனால் ஊருக்கே நிலவரி தள்ளுபடி. அப்பா ஒவ்வொரு வருஷமும் காடு காடாக நடந்து, உள்ளது உள்ளபடி பென்சிலால் ஒரு பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு வீட்டுக்கு வந்து, எந்த எண்ணை எழுதினால் ஊருக்கு என்ன நடக்கும் என்று யோசித்து, பதிவேட்டில் மையால் வேறொன்று எழுதுவார். பருத்தி பத்தணா காய்த்திருந்தால் அங்கே மூணணா. தணிக்கைக்கு வருகிற அதிகாரியை ஓடைக்கரையில் உவர் பாய்ந்த நாலு குறுக்கம் நிலத்துக்கு மட்டும் அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, வீட்டில் கோழி அடித்துப் போட்டு அனுப்பிவிடுவார். ஊரில் அவருக்கு இன்றைக்கும் மரியாதை என்றால் அது அந்த மூணணாவுக்குத்தான்.

அந்த மனுஷரிடம் போய் எண் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

மதுரையில் மருந்து ஏற்றும் கூடத்தில் அப்பாவுக்கு ஒரு சேக்காளி கிடைத்தார். புதியம்புத்தூர் கிருஷ்ணராஜ். அங்கே வீட்டுக்கு வீடு ரெடிமேட் துணி தைக்கிறார்களே, அதில் பத்து மிஷின் போட்டு நடத்துகிறவர். அறுபது வயதிருக்கும். அதே நோய், அதே ஆய்வு. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கையில் ஊசியோடு உட்கார்ந்து இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். சிரிப்புச் சத்தம் வெளியே வரைக்கும் கேட்கும். மூன்றாவது தடவை போயிருந்தபோது கிருஷ்ணராஜ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, ராத்திரியானா முதுகுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. முழங்காலுக்குக் கீழ எறும்பு ஊருதாப்ல இருக்கு. எட்டு போடலாமா, ஒம்பது போடலாமான்னு தெரியல."

"எட்டும் போடாதீரும், ஒம்பதும் போடாதீரும்" என்றார் அப்பா. "அஞ்சாம் பக்கம் படிச்சீரா? விலக்கிருவாங்க வே. மூணு போடும். வலி கொறஞ்சிருக்குன்னா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். மருந்து கேக்குதவனை எவன் விலக்குவான்?"

"எறும்பு ஊருத சமாச்சாரம்?"

"அதெல்லாம் எழுதக்கூடாது."

கிருஷ்ணராஜ் பெரிய பாரம் இறங்கினாற்போல் தலையாட்டினார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எண்ணினேனா, இல்லை, எண்ணிக்கொள்ள விரும்பினேனா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து நல்ல மழை. அந்த மாதம் அப்பா கட்டிலில் புரண்டு படுப்பதற்கே பல்லைக் கடிக்க ஆரம்பித்தார். விடிகாலையில் அவர் எழுந்து உட்காருகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். நாட்குறிப்பில் மட்டும் மூணு. மறுநாள் மூணு. அதற்கு மறுநாள், மாற்றத்துக்காக, இரண்டு. சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பாக்கெட் நோட்டு அகப்பட்டது. பென்சில் எழுத்து. திங்கள், பன்னிரண்டணா. செவ்வாய், பன்னிரண்டரை. வெள்ளி, பதினாலணா.

நனைந்த கையோடு அப்படியே போய் அவர் முன்னால் நின்றேன். "என்னப்பா இது? அங்க மூணு, இங்க பதினாலா? யாரை ஏமாத்துதீங்க? தாசில்தார் வந்து பாக்க இது பருத்திக் காடா?"

"கத்தாத ஏட்டி. பத்துக்குள்ள வலியை எப்படி அளக்க? அதான் எனக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கேன்."

"நான் இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணுதேன்."

அப்பா என் கையைப் பிடித்தார். அவர் என் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "அடுத்த மருந்து பதினெட்டாந் தேதி. இன்னும் பத்து நாள். அதையும் ஏத்திக்கிட்டு நானே சொல்லிருதேன். எனக்கு ஏறுறது மருந்துதான், உப்புத்தண்ணி இல்ல. உடம்புக்குத் தெரியுது. இப்பச் சொன்னா வெளிய போட்ருவாங்க ஏட்டி. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

வேறு சிகிச்சை தருவார்கள் என்று அந்த வரியிலேயே இருந்தது. அதை நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அந்த மூணு வேண்டியிருந்தது. போன தடவை டாக்டர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு ஐயா" என்று சிரித்தபோது பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை என் கையாலேயே கிழித்துப் போட மனம் வரவில்லை. சரி, பதினெட்டாம் தேதி வரை என்றேன்.

பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை. அப்பா பூத்துக்கு நடந்து வந்தார், எப்போதும்போல் பேப்பர் வாங்க. இடதுகாலில் செருப்பு இல்லை. "செருப்பு எங்கப்பா?" என்றேன். குனிந்து பார்த்தார். அது வழியில் கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. தெருமுனையில் சேற்றில் கிடந்தது, நான் போய் எடுத்துவந்தேன். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அன்று ராத்திரி நல்லெண்ணெய் காய்ச்சிக் கால் இரண்டுக்கும் தேய்த்துவிட்டேன். "சூடு தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது, தெரியுது" என்றார். புதன்கிழமை எழுந்து நிற்க முடியவில்லை. மூத்திரம் போகவில்லை. குளிர்ச்சிக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். வியாழக்கிழமையும் கொடுத்தேன். ரெண்டு நாளும் நான் பூத்தில் அந்த நம்பருக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். என் கையாலேயே மற்றவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வயிறு உப்பி அவர் முனக ஆரம்பித்த பிறகுதான் போன் செய்தேன். டாக்டர் நந்தகோபால் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "கார் பிடிங்க. அசைக்காம படுக்க வச்சு உடனே கொண்டு வாங்க" என்றார். என் வீட்டுக்காரர் சோலைராஜ் கடைக்குப் போயிருந்தவர் ஓடிவந்து கார் பேசினார். கதவுப் பலகையைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கினோம்.

மத்தியானம் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கி, உள்ளே போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் நந்தகோபால் அப்பாவின் நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டரும் இருந்தார்.

"நேத்து வரைக்கும் மூணுன்னு எழுதியிருக்கீங்களே ஐயா" என்றார். டாக்டர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கால் எப்ப நின்னுச்சு? இன்னைக்கு, நேத்துன்னா இப்பவே ஆபரேஷன் பண்ணலாம், நடக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கு. ரெண்டு நாளைக்கு மேல ஆயிருச்சுன்னா கத்தி வச்சும் பிரயோஜனம் இருக்காது. அவர் உடம்பும் தாங்காது. கதிர் வைத்தியம் மட்டும்தான்."

நான் யோசிக்கவே இல்லை. "இன்னைக்குக் காலையிலதான்" என்றேன்.

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எந்த எண்ணைச் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்துச் சொன்னேன். அப்பனுக்குப் பிறந்த பிள்ளைதானே. பெரிய டாக்டர் நர்ஸைக் கூப்பிடக் கையைத் தூக்கினார்.

"இல்ல டாக்டர்" என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவ பயத்துல சொல்லுதா. செவ்வாய்க்கிழமை காலு போச்சு. செருப்பு கழண்டது தெரியல. புதன்கிழமையிலேருந்து எந்திரிக்கல. மூணுன்னு எழுதுனதெல்லாம் பொய்தான். இருபது நாளா பன்னெண்டு, பதினாலு. சட்டைப் பையில இருக்கு, எடுத்துப் பாருங்க."

"அப்பா!" என்று கத்தினேன்.

"சும்மா இரு ஏட்டி." மூச்சு வாங்கியது அவருக்கு. "டாக்டர், புதியம்புத்தூர் கிருஷ்ணராஜை இப்பவே கூப்பிடுங்க. அவருக்கும் மூணு இல்ல. எட்டு, ஒம்பது. முழங்காலுக்குக் கீழ எறும்பு ஊருதுன்னாரு. எழுதாதீரும்னு நான்தான் சொன்னேன். எனக்கும் மொதல்ல எறும்புதான் ஊருச்சு. என்னுதை மறைச்சா அவருதும் மறைஞ்சிரும்."

டாக்டர் நந்தகோபால் நாட்குறிப்பைக் கட்டில்மேலேயே போட்டுவிட்டு வராந்தாவில் இருந்த போனுக்கு ஓடினார். ஆய்வு, விலக்கல், எண் எதைப் பற்றியும் அவர் அப்போது பேசவில்லை. பெரிய டாக்டர் அப்பாவின் உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்த்தார். அசைவே இல்லை. இனி ஆபரேஷன் இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தெரியவில்லை. "ஊருக்கெல்லாம் பொய் எழுதுனீங்க. உங்களுக்குன்னு நான் ஒரு பொய் சொன்னா பொறுக்கலையா?" என்று கேட்டு அழுதேன். மூன்று தடவை பார்த்த ஒரு தையல்காரருக்காகத் தன் காலை விட்டுவிட்டார் என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அப்பாவும் என்னைச் சமாதானம் செய்யவில்லை. ராத்திரி கிருஷ்ணராஜை வேனில் கொண்டுவந்து அடுத்த வார்டில் சேர்த்திருக்கிறார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது மட்டும், "நடந்து வந்தாரா?" என்று கேட்டார். "தாங்கிப் பிடிச்சு நடந்தாரு" என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நாள் கதிர் வைத்தார்கள். வலி ஐந்தணாவுக்கு இறங்கியது. கால் வரவில்லை. ஆய்விலிருந்து விலக்கினார்கள், ஆனால் டாக்டர் நந்தகோபால் விலகவில்லை. வாரம் ஒருமுறை பூத்துக்குப் போன் செய்து கேட்பார். ஒருநாள் நானே அவரிடம், அன்றைக்கு நான் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். "அதைவிட, முதல் மாசமே அந்த அஞ்சாம் பக்கத்தை நான் உட்கார்ந்து விளக்கியிருக்கணும்மா" என்றார். அப்பாவுக்கு ஏறியது மருந்தா உப்புத்தண்ணியா என்று நான் கேட்கவில்லை.

தை மாதம் கிருஷ்ணராஜ் வந்தார். அவரையும் ஆய்விலிருந்து விலக்கி நேரத்தோடு கதிர் வைத்திருந்தார்கள்; வலியை மட்டும் தினமும் எழுதிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். புதியம்புத்தூரிலிருந்து பஸ்ஸில், தனியாக. கையில் துணிப் பொட்டலம். படுத்தபடியே போட்டுக் கழற்ற வசதியாக, முதுகுப் பக்கம் திறந்து நாடா வைத்துத் தைத்த சட்டைகள், ஆறு. நான் வாசலில் அவர் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தேன். இரண்டும் ஜோடியாக, அழகாக இருந்தன. எனக்கு வயிறு எரிந்தது. நல்ல மனுஷர், அவர் வாழ வேண்டும், எல்லாம் தெரியும். ஆனாலும் எரிந்தது. காப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

"இன்னைக்கு எத்தனை வே?" என்றது அப்பாவின் குரல்.

"நாலு அண்ணாச்சி. முந்தாநாத்து ஆறு."

"ஆறுன்னே எழுதுனீரா?"

"ஆறுன்னுதான் எழுதுனேன். பொண்டாட்டி பக்கத்துலயே உக்காந்து பாக்கா."

இருவரும் சிரித்தார்கள். வெகுநேரம் பேசினார்கள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று கிருஷ்ணராஜ் எழுந்தார். என்னிடம், "வாரேம்மா" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் வாசலுக்குப் போனதும் அப்பா அவசரமாகக் கூப்பிட்டார். "ஏட்டி, போய்ப் பாரு. அவரு படி எறங்கறதைப் பாரு. கால் இழுக்குதான்னு பாத்துச் சொல்லு. எனக்கு இங்கன இருந்து தெரியல."

போனேன். எங்கள் வீட்டுக்கு மூன்று படி. கிருஷ்ணராஜ் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினார். தெருவில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகாமல் ஒரே எட்டில் தாண்டினார். முனை திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தபோது அப்பா தலையைத் தூக்கிப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுக்கலைப்பா" என்றேன். "ரெண்டு காலும் நல்லா இருக்கு."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார்.